முட்டிட்டு, போ

முட்டியதா, முட்டவில்லையா? ஐந்தாவது கிலோமீட்டரில்தான் அந்தக் கேள்வி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விடும் என்று மரகதம் நினைத்தாள். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது, சைக்கிள் மணிக்கு இருபத்தேழு கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, நேற்றிலிருந்து முதல் தடவையாகக் கால்கள் தாமாகவே சுற்றின. எல்லாம் இப்படி நன்றாக இருக்கும்போது வருகிற கேள்விக்கு உட்கார இடம் கொடுக்கக் கூடாது. இன்னும் முப்பத்தேழு கிலோமீட்டர். நேற்று விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய ஐந்நூற்று அறுபது கிலோமீட்டரில் இதுதான் கடைசித் துண்டு, இது அவளுடையது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிற பந்தயம்; பியாட்ரிஸ் அக்கா நாற்பது ஓட்டினால் அடுத்த நாற்பது அவள், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வேனில் காலை நீட்டிக் கிடக்கலாம். இன்று பகல் ஒரு மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். இதே வேகத்தில் போனால் பன்னிரண்டே காலுக்கே தாண்டிவிடலாம், முக்கால் மணி நேரம் கையில் மிஞ்சும், மிஞ்சுகிற நேரத்தில் என்ன செய்வார்கள், அக்கா நிச்சயம் டீ கேட்பாள், இந்த ஊர் டீயில் இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்கள், அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சாலையின் இரண்டு பக்கமும் எருக்கஞ்செடி. தார்ப் பாலைவனம் என்றதும் அலை அலையாக மணல்மேடுதான் என்று நினைத்து வந்தவளுக்கு, தூத்துக்குடி உப்பளத்து ஓரத்தில் நிற்கிற அதே எருக்கும், கோயில் வாசலில் நிற்கிற அதே வன்னியும் இங்கே நின்றது முதலில் ஏமாற்றமாகவும் பிறகு ஆறுதலாகவும் இருந்தது. தாவரவியல் படித்தவளுக்கு ஊர் மாறினாலும் நாலு பேர் தெரிந்தவர்கள் இருந்துவிடுகிறார்கள். பேச வேண்டியதும் இல்லை. சரி, முட்டியதா?

முட்டுவது அவர்கள் இருவரின் சொந்த ஏற்பாடு. பந்தய விதி அவ்வளவு கேட்கவில்லை. வருகிறவரின் முன்சக்கரம் நிற்கிறவரின் பின்சக்கரத்துக்கு இணையாக வந்துவிட்டால் போதும், நிற்கிறவர் கிளம்பலாம். அதற்கு முன்னால் கிளம்பினால் அவர் ஓட்டுகிற தூரம் எதுவும் சேராது என்று முந்தாநாள் கூட்டத்தில் ஒரு அதிகாரி இரண்டு கைவிரல்களையும் வட்டமாக வளைத்துக் காட்டினார். சைக்கிளை ஓட்டி வந்தாலும் சரி, உருட்டி வந்தாலும் சரி, சக்கரத்தோடு சக்கரம் சேர வேண்டும், எந்த இடத்தில் சேர்ந்தாலும் சரி. பியாட்ரிஸ் அக்காவுக்கு அது போதவில்லை. “பக்கத்துல வந்தேன், கிட்டத்துல வந்தேன்ங்கிற கதையெல்லாம் எனக்கு ஆகாது. முட்டணும். முட்டுனாத்தான் வந்தது” என்று உப்பளத்துச் சாலையில் மூன்று மாதம் பழக்கினாள். மரகதம் ஒரு காலைப் பெடலில் ஊன்றி முன்னால் பார்த்தபடி நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடத் திரும்பும். அக்கா பின்னால் வந்து சக்கரத்தால் மெல்ல ஒரு முட்டு முட்டி, “முட்டிட்டு!” என்று கத்துவாள். பிறகு “போ.” முதலில் ‘ரெடி’, ‘கோ’ என்றுதான் வைத்துப் பார்த்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லூர்து அண்ணன்தான் வேன் ஓட்டுகிறவர். கோ கோ என்றால் கோழி கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சிரித்ததில் அது போயிற்று. இதையும் அவர் சும்மா விடவில்லை. “ரெண்டும் கிடா மாதிரி முட்டிக்கிட்டுத் திரியுதுவ. நடுவுல நான் மேய்ப்பன்.” “நீரு மேய்ப்பன் இல்ல, புல்லு” என்றாள் அக்கா. மரகதம் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இப்போது காற்றில் தனியாக ஞாபகம் வந்தது, அந்தச் சிரிப்பின் நடுவிலும் அந்தக் கேள்வி போகாமல் நின்றது.

இன்று பத்து நாற்பதுக்கு ஒரு வன்னி மரத்தடியில் நின்றிருந்தாள். லூர்து அண்ணன் அவளையும் சைக்கிளையும் இறக்கிவிட்டு, “ஒங்க அக்காவுக்குத் தண்ணி தீர்ந்திருக்கும் பிள்ள, குடுத்துட்டு அவ பின்னாலயே வாரேன்” என்று வேனைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே சாலை தண்ணீர் தெளித்தது போல மினுங்கிக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் முடிந்தது. காற்று பின்னாலிருந்து சட்டையை ஊதியது. பிறகு பெரிதாக ஒரு வீச்சு, அதற்குள் அக்காவின் குரல், முட்டிட்டு போ, இருக்கை லேசாக அசைந்த மாதிரி, அவ்வளவுதான், அவள் கிளம்பிவிட்டாள். அந்த அசைவு சக்கரமா, காற்றா? சக்கரம் முட்டினால் அது நடு முதுகில் வந்து தெரியும், யாரோ ஒரு விரலால் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி. இன்று அது பக்கவாட்டில் வந்தது. பக்கவாட்டில் வந்ததா, அல்லது இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறாளா? உடம்புக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தாலும் கேட்கக் கேட்க அது பதிலை மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஆறாவது கிலோமீட்டர். வழக்கமாக மூன்று கிலோமீட்டருக்குள் வேன் அவளைத் தாண்டும். தாண்டும்போது ஜன்னலில் அக்காவின் கை மட்டும் வெளியே தொங்கும், ஐந்து விரலும் மாவு பிசைந்து களைத்த மாதிரி, அதில் கட்டைவிரல் மட்டும் ஒருமுறை நிமிரும். வேன் இன்னும் தாண்டவில்லை. பஞ்சரா? டீசலா? ஆடு குறுக்கே வந்ததா? கைபேசி வேனில் சார்ஜில் கிடக்கிறது, கையில் இருந்தாலும் இந்தப் பக்கத்தில் காலையிலிருந்தே டவர் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சாலை பின்னாலும் அதே மாதிரி மினுங்கி ஒன்றுமில்லாமல் முடிந்தது. இருக்கிற அணிகளில் அவர்கள்தான் கடைசி, பின்னால் வரப்போகிறவர் யாரும் இல்லை.

நின்று கேட்டிருக்கலாம். ‘என்னக்கா?’ என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. பஸ்ஸில் கண்டக்டர் சொன்ன ஊர்ப் பேர் சரியாகக் காதில் விழாமல், இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டு, தப்பான நிறுத்தத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடம் அதுதான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறாள். எம்.எஸ்சி. கடைசி வருடம் இசக்கிராஜ் பஸ் நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் சொன்னான். ஒரே வாக்கியம். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. அவள் சிரித்துத் தலையாட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள், கேட்காததற்கெல்லாம் அவள் ஆமாம் என்றுதான் ஆட்டுவாள். அவன் முகம், கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்களே, அப்படி ஆயிற்று. “சரிங்க” என்றான். அவ்வளவுதான். உனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சாமே என்று கேட்டிருப்பானோ என்று நாலு வருடமாக யோசிக்கிறாள். ரெகார்டு நோட்டைத் திருப்பித் தரட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கலாம். எதற்கு ஆமாம் என்றோம் என்று தெரியாமலே ஒன்றை முடித்து வைத்தாயிற்று. பியாட்ரிஸ் அக்காவோடு அவளுக்கு ஒட்டிப்போனதே அந்தக் குரலால்தான். அக்கா போஸ்ட் ஆபீஸில் பார்சல் கவுன்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இருபத்தைந்து வருடம் பேசிய குரல். உப்பளத்து ஓரம் சைக்கிளில் அலைந்து சேகரித்த செடிகளைக் காயவைத்து, கல்லூரிக்காக ஒரு பார்சல் அனுப்பப் போனபோது, “இந்த வெயில்ல இம்புட்டு தூரம் சைக்கிள்லயா சுத்துன? காலைக் காட்டு பாப்போம்” என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மரகதத்தின் காலைப் பார்த்தார்கள். செத்துப்போய்விடலாம் போல இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில்தான் தோன்றியது: அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூட விடாமல் கேட்டதே. பதினோரு மாதப் பழக்கத்தில் அக்காவிடம் ‘என்ன’ என்று கேட்க வேண்டி வந்ததே இல்லை. உலகத்தில் அவளுக்கு முழுசாகக் காதில் விழுகிற ஒரே ஆள். அந்த ஆளின் குரல்தான் இன்று காற்றோடு வந்தது.

எட்டாவது கிலோமீட்டர். அந்தக் குரலை மறுபடி எடுத்துப் பார்த்தாள், ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி. அக்கா ‘முட்டிட்டு’ என்றால் கடைசியில் மேலே ஏற்றுவாள், குழந்தைகள் கண்டுபிடிச்சாச்சு என்று கத்துவார்களே அப்படி. இன்று அது மேலே ஏறவில்லை. இறங்கியது. களைப்பாக இருக்கும். யாருக்குத்தான் களைப்பு இல்லை? அக்காவுக்கு நாற்பத்தேழு வயது, போன வருடம் வேறொரு துணையோடு வந்து, எழுபது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது நேரம் முடிந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கவுன்டரில் யாரிடமும் பேசவில்லையாம், பார்சலை எடை போட்டுத் தள்ளுவதோடு சரி, லூர்து அண்ணன் சொல்லியிருக்கிறார். இந்த வருடம்தான் கடைசி. வருகிற மே மாதம் முழங்கால் முட்டில் ஆபரேஷன், அதற்குப் பிறகு மார்க்கெட்டுக்குப் போகிற சைக்கிள் தவிர வேறு சைக்கிள் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை அக்கா சொன்ன விதம் இருக்கிறதே. “வலது முட்டு தேஞ்சிட்டாம். முட்டை மாத்தணும்ங்காரு.” உடனே லூர்து அண்ணன், “அழுகுனா கடைக்காரன் மாத்தித்தானே ஆகணும்” என்றார். “எது?” “முட்டை.” அக்கா கையில் இருந்த ஹெல்மெட்டால் அவர் தோளில் ஒன்று போட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அக்கா காலை நீட்டி அந்த முட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள், கூட்டத்தில் தூங்கிப்போன குழந்தையின் தலையை மூடிக்கொள்வது போல. “இத ஒண்ண முடிச்சிட்டேன்னா இது போனாலும் போட்டும்” என்றாள். அதை நினைத்ததும் மரகதத்தின் கால்கள் வேகத்தைக் கூட்டின, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முடித்துக் கொடுத்துவிட வேண்டும், முட்டிட்டு போ, முட்டிட்டு போ, பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, வெகுநேரம் சொன்னால் எந்த வார்த்தையும் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிடும், முட்டிட்டு போ, முட்டிட்டுபோ, முட்டுபோ, முட்டு போ. முட்டு போ. ஒன்பதாவது கிலோமீட்டரில் அதன் வால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. முட்டு போச்சு.

கால்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. தலைக்குத் தெரிந்தது கால் வரை இறங்க நேரம் ஆகும் போல. முட்டு போச்சு என்றுதான் அக்கா சொன்னாள். முட்டிட்டு போ என்றால் நடுவில் ஒரு மூச்சு இருக்கும், இதில் இல்லை. ‘ச்சு’வைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா தூரத்தில் இருந்திருக்கிறாள், நூறு அடியோ, இருநூறு அடியோ, காற்றுதான் அவளைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆகவே முட்டவில்லை. ஆகவே இந்த ஒன்பது கிலோமீட்டரும் இல்லை. ஆகவே அக்கா அந்தச் சாலையில் கிடக்கிறாள். இது மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வரவில்லை, ஒரே நேரத்தில் வந்து ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றன. இல்லை, ஒருவேளை முட்டியே இருக்கலாம். முட்டிவிட்டு, அதற்குப் பிறகு வேன் பஞ்சராகியிருக்கலாம். அப்படியானால் இப்போது திரும்புவது பைத்தியக்காரத்தனம். போகிறது காற்றோடு, திரும்பினால் காற்றுக்கு எதிரே, போய்வர முக்கால் மணி நேரம் போகும், கையில் மிஞ்சுவதே முக்கால் மணி நேரம்தான். முடிக்காமல் போனால் அது அவளால் போனதாகிவிடும். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு வாரம் பார்சலை எடை போட்டுத் தள்ளுவாள். திரும்பாமல் போனால்? பார்த்தவர்கள் யாரும் இல்லை. வழியில் ஒரு ஆடு மேய்ப்பவர் மட்டும், கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு இந்தச் சக்கர விவகாரம் ஒன்றும் தெரியாது. கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான், இருவருக்கும் கழுத்தில் மெடல் மாட்டுவார்கள், அக்கா மாட்டிக்கொள்வாளா? பதினெட்டு கிராம் கூடியதற்கு ஒரு பார்சலைப் பிரித்துத் திரும்பக் கட்டவைத்தவள். அதுவும் வேண்டாம். விதியை விடு. மெடலை விடு. முட்டு போச்சு என்று ஒருத்தி கத்தியிருக்கிறாள், அதைக் கேட்டு இன்னொருத்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? சிரித்துத் தலையாட்டிய மாதிரிதானே இருந்திருக்கும்? கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. மீட்டரில் மணி பத்து ஐம்பத்தொன்பது. நடுச்சாலையில் ஒரு காலை ஊன்றி சைக்கிளைத் திருப்பினாள்.

இதுவரை தூக்கிக்கொண்டு வந்த காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பதினெட்டு, பதினேழு, மறுபடி பதினெட்டு. மணல் பல்லில் கடிபட்டது. கண்ணாடியைத் தாண்டி ஒரு துகள் உள்ளே போய், இடது கண் தானாக அழுதது, அழட்டும், அதுவாவது அழட்டும். அக்கா விழுந்திருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருப்பாள்? வலது முட்டு விட்டதென்றால் வலது பக்கம், அது சாலையின் நடுப்பக்கம், பின்னால் வேன். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். லூர்து அண்ணன் பிரேக்கை மிதிக்கிற ஆள்தான், மிதிப்பதற்கு முன்னால் ஒரு சினிமாப் பாட்டைப் பாதியில் நிறுத்துவார். நேற்று பிற்பகல் வெயில் சாய்ந்து அடிக்கும்போது மரகதத்துக்கு வாந்தி வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். அக்கா வேனிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், துண்டை நனைத்து அவள் பிடரியில் போட்டு, தன் நிழல் அவள்மேல் விழுகிற மாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். நிழலுக்காகத்தான் அங்கே நின்றாள் என்பது மரகதத்துக்கு, அவள் இரண்டு தடவை இடம் மாற்றி நின்ற பிறகுதான் தெரிந்தது. சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் சத்தமில்லாமல் செய்வதை யாரும் கவனிப்பதில்லை. அவள் கவனித்தாள். கவனித்து என்ன, அதைச் சொன்னாளா? அக்கா, நீங்க எனக்காக வெயில்ல நின்னீங்க, என்று ஒரு வாக்கியம். இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, “போலாம்” என்றாள். ஆடு மேய்ப்பவர் இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். ஒரே பெண் இரண்டு பக்கமும் போவதை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். என்ன என்று கையால் கேட்டார். அவளுக்கு அவர் மொழி தெரியாது, “அக்கா” என்றாள், அந்தப் பக்கம் கையைக் காட்டி. அவர் தலையாட்டினார். அவருக்கும் புரிந்திருக்காது, அவரும் ஒருவேளை அவளைப் போல ஆளாக இருக்கலாம். பதினேழு. பதினாறு. தொடையில் உப்பை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. மினுங்குகிற சாலையின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, இரண்டாகப் பிரிந்தது, மறுபடி ஒன்றாயிற்று. ஒரு ஆளும் ஒரு சைக்கிளும். அந்த உருவம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நடக்கிறாள். அக்கா நடந்து வருகிறாள்.

“ஏட்டி! எங்கட்டி போன?” குரல்தான் முதலில் வந்து சேர்ந்தது. அக்கா சைக்கிளைக் கைத்தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வந்தாள். முட்டைச் சுற்றி லூர்து அண்ணனின் கைலி கிழித்துக் கட்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, உதடு வெளுத்திருந்தது. மரகதம் இறங்கி நின்றாள். “நீங்க... முட்டிட்டு போன்னு...” “முட்டு போச்சுன்னேம்ட்டி!” அக்கா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு அவள் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, சிரிப்பில் முட்டு வலித்து “அம்மா” என்றாள், அம்மாவுக்கு நடுவிலும் சிரித்தாள். “அதான் பாத்தேன். செத்தேன்னு கத்துனா இந்தப் பிள்ள சிட்டாப் பறக்குதேன்னு.” மரகதத்துக்குச் சிரிக்க வரவில்லை. “அண்ணன் எங்க? வேன்?” “நான் விழுந்ததும் ஒடிச்சுத் திருப்புனாரு, ரெண்டு சக்கரமும் மணலுக்குள்ள. சோத்துத் தட்ட வச்சுத் தோண்டிக்கிட்டு இருக்காரு. அங்கிட்டு ஒரு குடிசையில ட்ராக்டர் இருக்கு, அந்த மனுசன் சாப்பிட்டுட்டு வாரேன்னு கை காட்டிட்டான். எத்தனாவது கிலோமீட்டர்ல திரும்புன?” “ஒம்பது.” “பாத்தியா. ஒங்க அண்ணன் அஞ்சுல திரும்பிருவான்னாரு. நான் சொன்னேன், இந்தப் பிள்ள யோசிச்சு முடிக்கப் பத்தாவும்னு.” அவள் திரும்பி வருவாளா என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, எப்போது என்றுதான் பேசியிருக்கிறார்கள் என்பது மரகதத்துக்கு மெதுவாக உறைத்தது. வருவாள் என்று நம்பித்தான் அக்கா ஒடிந்த முட்டோடு ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறாள், அந்த ஒரு கிலோமீட்டரை அவளுக்கு மிச்சப்படுத்த. “வலிக்குதாக்கா?” என்று கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று இருந்தது. அக்காவின் முகம் சட்டென்று சின்னதாயிற்று. “வலிக்குது பிள்ள. ரொம்ப வலிக்குது” என்றாள், அவ்வளவு மெதுவான குரலை அவளிடம் மரகதம் கேட்டதே இல்லை, அதுவும் முழுசாகக் காதில் விழுந்தது. “உக்காருங்க. நான் உங்களை வேன் வரை...” “மூதி, மணியப் பாரு. பதினொண்ணர. தண்ணிப் பாட்டிலப் பிடி, ரெண்டையும் எடுத்துக்கோ. திரும்பி நில்லு.” மரகதம் சைக்கிளைத் திருப்பி, ஒரு காலைப் பெடலில் ஊன்றி, முன்னால் பார்த்தாள். பின்னால் செருப்பு இழுபடுகிற சத்தம். நடு முதுகில், யாரோ ஒரு விரலால் தொட்ட மாதிரி, மெல்ல. “முட்டிட்டு” என்றாள் அக்கா. “போ.” மரகதம் போகவில்லை. ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும்படி பின்னால் பார்த்து, “நெசமாவாக்கா?” என்றாள். இன்னொரு முட்டு, இந்தத் தடவை பலமாக. “ரெண்டு தரம் முட்டியாச்சு. இன்னும் என்ன, கொம்பு வேணுமாட்டி?”

நாற்பத்தொரு கிலோமீட்டர், தொண்ணூறு நிமிடம். வேன் இல்லை, பஞ்சரானால் ஒட்ட ஆள் இல்லை, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்று ஏற்கெனவே சூடு. காற்று மறுபடி அவளைத் தூக்கிக்கொண்டது. ஆடு மேய்ப்பவர் இந்தத் தடவை உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். ஒன்பதாவது கிலோமீட்டர் எந்த இடம் என்று தேடினாள், ஒரு அடையாளமும் இல்லை. அதைத் தாண்டிய பிறகு எல்லாம் புதிய சாலை. பயம் போய்விடவில்லை. முன்சக்கரத்தின் சத்தத்தில் கொஞ்சம் மாறுதல் கேட்டாலும் குனிந்து டயரைப் பார்த்தாள், காற்று நின்றுவிட்டால் என்று ஒரு தடவை, கால் பிடித்துக்கொண்டால் என்று ஒரு தடவை, அந்த ட்ராக்டர்காரர் சாப்பிட்டு முடித்தாரா, அக்கா உட்கார நிழல் இருக்கிறதா, வன்னி மரத்துக்கு அடியில் நிழல் சல்லடை மாதிரிதான் விழும். கணக்குப் போட்டாள், தப்பாக வந்தது, மறுபடி போட்டாள். இருபது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது வலது தொடையில் ஒரு கயிறு முறுக்கியது. பெடலில் எழுந்து நின்று ஓட்டினாள், அது விட்டது. பதினொன்று பாக்கி இருக்கும்போது தண்ணீர் தீர்ந்தது. ‘முட்டிட்டு போ’ என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்று, அதற்குப் பதிலாக, ‘வலிக்குது பிள்ள’ என்கிற மெதுவான குரல் ஓடியது, அது ஏனோ காலுக்கு நன்றாக இருந்தது, யாரோ அவளை நம்பி ஒன்றைக் கையில் கொடுத்து வைத்த மாதிரி, சிந்தாமல் கொண்டுபோக வேண்டிய ஒன்று. இசக்கிராஜின் எண் எங்காவது இருக்கும், அன்னைக்கு என்ன கேட்டீங்க என்று கேட்டால் என்ன, நாலு வருடம் கழித்துக் கேட்டால் சிரிப்பான், சிரிக்கட்டும். ஒட்டகம் ஒன்று சாலையின் குறுக்கே நின்று, அவளைவிட அதற்குத்தான் நேரம் இருக்கிறது என்பது போலப் பார்த்தது. மணலில் இறங்கி, சுற்றி, ஏறினாள். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு வீடு. பிறகு கம்பங்களில் கட்டிய சிவப்புத் துணி, அதன் மேல் ஒரு கடிகாரம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கோட்டைத் தாண்டும்போது அதில் பன்னிரண்டு ஐம்பத்தேழு.

கைதட்டியவர்கள் ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு அதிகாரி நாற்காலி போட்டார், அவள் உட்காரவில்லை. வழியில் ஆளை மாற்றியது எங்கே என்று கேட்டார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், தப்பாகக் கிளம்பியது, திரும்பியது, முட்டியது, எல்லாம் அவளுடைய தடுமாறுகிற இங்கிலீஷில். அவர் எழுதிக்கொண்டு, “சரி, மரத்துக்கு அடுத்த கிலோமீட்டர்” என்று மட்டும் சொல்லிக் கை கொடுத்தார். யாரோ டீ கொண்டுவந்து கையில் வைத்தார்கள். இஞ்சி வாசம். அதை அவள் குடிக்கவில்லை, வந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று இருபதுக்கு வேன் வந்தது, நெற்றி வரை மணல் பூசிக்கொண்டு. ஜன்னலில் அக்காவின் தலை. அவள் கத்தவில்லை. வாயைத் திறக்கவே இல்லை, முகத்தை மட்டும் வெளியே நீட்டி மரகதத்தின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டே வந்தாள், வேன் நிற்பதற்குள் தெரிந்துவிட வேண்டும் போல, தெரியவே வேண்டாம் போல. மரகதம் டீயைக் கீழே வைத்தாள். “மூணு நிமிசம்!” என்று கத்தினாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அக்கா! மூணு நிமிசம் இருக்கையில வந்துட்டேன்! முடிச்சாச்சு!” அக்கா காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்தாள். “என்னட்டி?” லூர்து அண்ணன் என்ஜினை நிறுத்தினார், பாலைவனம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் கண் இரண்டும் நிறைந்திருந்தன. முதல் தடவையே அவளுக்குக் கேட்டுவிட்டது என்று நன்றாகத் தெரிந்தது. “கேக்கல பிள்ள. திருப்பிச் சொல்லு” என்றாள். மரகதம் திருப்பிச் சொன்னாள்.